மூலையில் குவிந்த கூரியர் உறைகள் பற்றி ஒரு திருத்துநரின் பதில்

சாவகச்சேரியில் இருந்து எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தீர்கள். மாதம் ஆறேழு பார்சல் வீட்டுக்கு வருகிறது, அறை மூலையில் கூரியர் உறையும் மட்டைப் பெட்டியும் குவிந்து கிடக்கிறது, அம்மா சனிக்கிழமைகளில் அதை அள்ளிக்கொண்டுபோய்க் கிணற்றடிக்குப் பின்னால் கொளுத்துகிறா, பார்க்க மனம் கேட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒன்லைனில் வாங்குவதை அடியோடு நிறுத்திவிட்டு ரவுணுக்குப் போய் வாங்கினால் குப்பை குறையுமா என்பது கேள்வி. அதற்கு நடுவில் போகிற போக்கில் ஒரு வரி: வாங்கி மூன்று கிழமையில் நின்றுபோன கை பிளெண்டர் ஒன்று அலுமாரிக்கு மேலே கிடக்கிறதாம். எனக்குக் கண் அந்த வரியில்தான் நின்றது. எங்கே வாங்குவது என்று கேட்பதுபோல் தொடங்கி, இவ்வளவையும் ஏன் வாங்கினேன் என்று உங்களை நீங்களே கேட்டு முடித்திருக்கிறீர்கள். முதல் கேள்விக்குச் சுருக்கமான விடை, குறையும் ஆனால் கொஞ்சம்தான். இரண்டாவதுக்குத்தான் நீளமாக எழுத வேண்டும்.

நான் கொக்குவில் பக்கம் மின்சாதனம் திருத்தும் கடை வைத்திருப்பவன். 2002இல், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை திறந்த வருடம் தொடங்கியது. அதற்கு முதல் சித்தப்பாவின் ரேடியோக் கடையில் எடுபிடியாக நின்று பழகினேன், பிறகு முறையாகப் பயிற்சியும் எடுத்தேன். சூழலியல் படித்தவன் அல்ல. என் மேசைக்கு வருகிற சாமான் எல்லாம் பழுதான சாமான் என்பதையும் முதலே சொல்லிவிட வேண்டும். பத்து வருடமாக ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிற மலிவு ஃபான் ஒன்று என்னிடம் வரவே வராது. ஆனபடியால் "ஒன்லைன் சாமான் எல்லாம் உதவாது" என்று நான் சொன்னால் அது ஆசுப்பத்திரியில் நின்றுகொண்டு ஊரெல்லாம் நோயாளிகள் என்று சொல்வதைப் போலத்தான். அந்தக் குறையைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

முதலில் அந்த உறை. சமையலறைத் தராசு இருந்தால் ஒன்றை நிறுத்துப் பாருங்கள். சாதாரணக் கூரியர் உறை இருபது முப்பது கிராம் வரும், குமிழ்ப் பொலித்தீன் சுற்றியிருந்தால் இன்னும் கொஞ்சம். அதே தராசில் அந்தப் பிளெண்டரை வையுங்கள். முக்கால் கிலோவுக்குக் கிட்ட வரும். அதற்குள் செம்புக் கம்பி, இரும்புத் தகடு, இரண்டு மூன்று வகைப் பிளாஸ்ரிக், ஈயம் வைத்து ஒட்டிய சின்னப் பலகை எல்லாம் இருக்கின்றன. அந்தச் செம்பைத் தோண்டி எடுக்கவும் உருக்கவும் செலவான எரிபொருள் வேறு. உறை கண்ணில் குத்துகிறது, ஏனென்றால் அது வந்த அன்றே குப்பை. பிளெண்டர் அலுமாரிக்கு மேலே சாமான் என்ற பெயரோடு இருக்கிறது, அதனால் கணக்கில் வரவில்லை. ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட கணக்கின்படி 2022இல் உலகம் முழுக்க 62 மில்லியன் தொன் மின்கழிவு உண்டானது. அதில் முறையாகச் சேகரித்து மீள்சுழற்சிக்குப் போனதாகப் பதிவானது 22.3 வீதம். மிச்சத்தில் ஒரு பங்கு உங்களுடைய அலுமாரி மாதிரியான அலுமாரிகளுக்கு மேலே இருக்கிறது.

போன மழைக்காலத்தில் ஒரு அக்கா கிரைண்டர் ஒன்று கொண்டுவந்தா. பேஸ்புக்கில் விளம்பரம் பார்த்து எடுத்தது, நாலாம் நாள் தேங்காய்ப்பூ அடிக்கும்போது புகைந்ததாம். கவிழ்த்துத் திறக்கப் பார்த்தால் திருகாணியின் தலை முக்கோணம். அந்தச் சாவி எல்லாக் கடையிலும் இராது. திறக்க வேண்டாம் என்று நினைத்துச் செய்த வேலை அது. ஒருமாதிரித் திறந்தேன். மோட்டரில் சுற்றியிருந்தது செம்பு நிறம் பூசிய அலுமினியக் கம்பி, சுரண்டினால் வெள்ளை தெரிந்தது. கீழ்ப்பக்கம் தண்டைத் தாங்க வேண்டிய இடத்தில் பெயாரிங் இல்லை, ஒரு பிளாஸ்ரிக் வளையம். அது சூட்டில் உருகித் தண்டு சாய்ந்து, சாய்ந்த தண்டு கம்பியில் உரசி, கம்பி எரிந்திருக்கிறது. கம்பி சுற்றிக் கொடுக்கலாம். ஆனால் கூலி கிரைண்டரின் விலையைத் தாண்டும், அடுத்த மாதம் அதே வளையம் அதே மாதிரி உருகும். "தம்பி, மலிவு எண்டுதானே எடுத்தனான்" என்றா. அதே கிழமை வேறொருவர் கொண்டுவந்த கிரைண்டருக்குப் பதினெட்டு வயது. அதற்குத் தேய்ந்திருந்தது இரண்டு கரித்துண்டு, மோட்டருக்கு மின்சாரத்தைக் கடத்துகிற கார்பன் பிரஷ். பத்து நிமிட வேலை. அதைப் பெட்டிக்குள் வைத்தபோது அந்த அக்கா பார்த்துக்கொண்டு நின்றா, ஒன்றும் கதைக்கவில்லை.

இரண்டு கிரைண்டரும் பிறந்தது அனேகமாக ஒரே கண்டத்தில்தான். அதனால் நாட்டைக் குறைசொல்வதில் பிரயோசனம் இல்லை. திறக்கலாமா, உதிரிப்பாகம் கிடைக்குமா, உள்ளே செம்பா என்ற மூன்றிலும்தான் ஒரு சாமான் எத்தனை வருடத்தில் குப்பையாகும் என்பது தங்கியிருக்கிறது. இந்த மூன்றையும் படத்தில் பார்க்க முடியாது. ஒன்லைன் பற்றி நான் உறுதியாகச் சொல்லக்கூடிய குறை இது ஒன்றுதான். கையில் எடுத்துப் பாரம் பார்க்க முடியாது, "கரண்டில் போட்டுக் காட்டுங்கோ அண்ணை" என்று கேட்க முடியாது. எங்கள் தொழிலில் பாரம் பாதிக் கதை சொல்லும். செம்பு அலுமினியத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் பாரம்.

பாரத்தை வைத்துக் கள்ளம் பிடிக்க நீங்களே செய்யக்கூடிய கணக்கு ஒன்று தருகிறேன். பவர் பாங்க் ஒன்றில் 20,000 மில்லி அம்பியர் மணி என்று போட்டிருக்கும். அதற்குள் பெரும்பாலும் இருக்கிற உருளை பற்றரிக்கு 18650 என்று பெயர். நல்ல கொம்பனியின் ஒன்று ஏறக்குறைய 47 கிராம் இருக்கும், கொள்ளளவு கூடினால் 3,500. அப்படியென்றால் 20,000க்கு ஆறு உருளையாவது வேண்டும், பற்றரி மட்டும் 280 கிராம். தட்டையான பற்றரி போட்டிருந்தாலும் பாரம் இந்த அளவில்தான் வரும். ஓடர் போடுகிற பக்கத்தில் நிறை 150 கிராம் என்று எழுதியிருந்தால் எண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டு மூடிவிடலாம். சிலர் இந்தக் கணக்கையும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஒரு பெடியன் என்னிடம் கொண்டுவந்த ஒன்றைத் திறந்தபோது உள்ளே இரண்டு உருளையும், பாரத்துக்கு ஒரு சின்னப் பையில் கட்டிய மணலும் இருந்தன. மணல் ஈரம். அந்தப் பெடியனுக்கு நான் சொன்னேன், உனக்கு ஒரு வீடு கட்டத் தொடங்கியிருக்கிறார்கள் என்று.

இனி ரவுணா ஒன்லைனா என்ற கேள்வி. கடையில் வாங்கினால் உறை இல்லை என்று நினைக்கிறோம். கொழும்புத் துறைமுகத்தில் இறங்குகிற அந்தச் சாமான் கடைக்கு வரும்போதும் பெரிய மட்டைப் பெட்டிக்குள், ஒவ்வொன்றும் தனித்தனிப் பொலித்தீனுக்குள்தான் வருகிறது. கடைக்காரர் அதைப் பின்கதவால் போடுகிறார், உங்களுக்குத் தெரிவதில்லை. கூரியரில் அதற்கு மேலே இன்னொரு உறை சேர்கிறது, அது உண்மை. போக்குவரத்தைப் பொறுத்தவரை ஆட்கள் அடித்துச் சொல்வதை நான் நம்புவதில்லை. ஒரு லொறியில் ஆயிரம் பார்சல் கொழும்பிலிருந்து கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர் வருகிறபோது ஒரு பார்சலுக்குரிய டீசல் அதிகம் இல்லை. நீங்கள் ஒரு சாஜருக்காகச் சாவகச்சேரியில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு மோட்டார் சைக்கிளில் வந்து போனால் அந்தக் கணக்குக் கூரியருக்குச் சாதகமாகக்கூடத் திரும்பலாம். பஸ்ஸில் வேலைக்கு வந்த இடத்தில் வாங்கிக்கொண்டு போனால் கடைக்குச் சாதகம். ஆளுக்கு ஆள் மாறுகிற கணக்கு. மாறாதது ஒன்று உண்டு: பார்சல் வருகிற நேரம் கையில் காசு இல்லை, மனமும் மாறிவிட்டது என்று திருப்பி அனுப்பினால், அந்தச் சாமான் ஒன்றுக்கும் உதவாமல் 800 கிலோமீற்றர் ஓடி முடிந்திருக்கும். பார்சல் வந்த பிறகு காசு கொடுக்கிற முறையில் இது அடிக்கடி நடக்கிறது. கொண்டுவருகிற பெடியன்கள் என் கடை வாசலில் நின்று பிளேன்ரீ குடித்துக்கொண்டு சொல்லி வருத்தப்படுவார்கள்.

ஒன்லைனை நான் வெறுக்கவும் இல்லை. ஃபான் மெதுவாகச் சுற்றினால் மாற்றுகிற கப்பாசிற்றரில் தொடங்கி, றைஸ் குக்கரில் சூடு மிஞ்சினால் அறுந்து காக்கிற தேர்மல் பியூஸ், பழைய மொடல் கிரைண்டரின் கப்ளர் வரைக்கும், யாழ்ப்பாணத்தில் தேடி அலுத்த எத்தனையோ உதிரிப்பாகம் எனக்கு அப்படித்தான் வருகிறது. தேர்மல் பியூஸ் ஒன்றின் விலை ஒரு பிளேன்ரீயும் இரண்டு வடையும்தான், அது வந்து சேர்ந்தால் ஒரு குக்கர் குப்பைக்குப் போகாமல் தப்பும். நெடுந்தீவில் இருக்கிற ஒருவரிடம் போய் ஒன்லைனில் வாங்காதே, படகேறிப் போய் வாங்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது. நடமாட முடியாதவர்களுக்கு அது ஒரு வரம்.

வாங்கத் தூண்டுகிற பொறிகளைப் பற்றிக் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியில் இருந்த குற்றவுணர்வு முழுவதும் உங்களுடையது அல்ல. 11.11 விற்பனையை எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவில் தனியாட்களின் நாள் என்று இளம் ஆட்கள் பகிடியாகக் கொண்டாடிய நவம்பர் 11ஐ, அலிபாபா நிறுவனம் 2009இல் மலிவு விற்பனை நாளாக்கியது. இங்கே ஓடுகிற டராஸ் என்ற ஒன்லைன் கடையை அலிபாபா 2018இல் வாங்கியது. இப்போது எங்கள் ஊரில் தீபாவளி எந்தத் திகதி என்று தெரியாத பெடியளுக்கும் 11.11 தெரியும். பிறகு திரையில் ஓடுகிற அந்த மணிக்கூடு. "இன்னும் 14 நிமிடம்", "இரண்டே இரண்டு மிச்சம்". 2019இல் அமெரிக்காவின் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறக்குறைய 11,000 விற்பனைத் தளங்களை மென்பொருள் கொண்டு அலசினார்கள். 1,254 தளங்களில் இப்படியான தந்திரங்கள் கிடைத்தன. மணிக்கூடு ஓடி முடிந்த பிறகும் அதே விலை அப்படியே கிடந்த தளங்களும் அதற்குள் இருந்தன. சந்தையில் "இந்த விலை இண்டைக்கு மட்டும்" என்று சொல்கிற ஆளை நாங்கள் நாளைக்கும் பார்ப்போம், அதனால் அவருடைய சொல்லை எப்படி எடுப்பது என்று தெரியும். திரைக்கு அப்படி நாளை என்று ஒன்று இல்லை.

எனக்கு எல்லாவற்றையும்விடக் கெட்டிக்காரத்தனமாகத் தெரிவது இலவச டெலிவரி. ஒரு வயர் தேவைப்பட்டது. டெலிவரிக் காசு வயரின் விலைக்குக் கிட்ட. இன்னும் கொஞ்சம் சேர்த்தால் இலவசம் என்று திரை சொல்லுகிறது. ஒரு போன் ஸ்ராண்டும், எல்.ஈ.டி. மாலையும் சேர்க்கிறோம். முந்நூறு ரூபா மிச்சம் பிடிக்கத் தொள்ளாயிரம் ரூபா கொடுத்தாயிற்று. அதில் ஒன்று மழைக்கு முதலே பழுது. நான் இதைப் பகிடியாக எழுதினாலும் என்னுடைய கடை லாச்சியில் இப்படி வந்த சூட்டுக் காற்று ஊதி ஒன்று, உறைகூடப் பிரிக்காமல் இருக்கிறது. மூன்று தவணையில் கட்டலாம் என்று காட்டியது. தவணை என்றவுடன் முழு விலை கண்ணில் படாது. மூன்றாம் தவணை கட்டும்போது நான் அந்தச் சாமானை மறந்தே போயிருந்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு வழக்கம் வைத்தோம். விதி என்று சொன்னால் பிள்ளைகள் உடைப்பார்கள், அதனால் வழக்கம். வேண்டுமென்று தோன்றுவதைச் சீ.ஆர். கொப்பி ஒன்றில் திகதியோடு எழுதுவது, ஓடர் போடுவது பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் மட்டும். போயாவுக்கு எப்படியும் கடை பூட்டு, ஆறுதலாக இருந்து பார்க்கலாம். முதல் மாதம் கொப்பியில் பதினொரு சாமான் இருந்தது. போயா வரும்போது அதில் ஏழு சாமானை ஏன் எழுதினோம் என்று எங்களுக்கே விளங்கவில்லை. மகள் எழுதிய "நட்சத்திரம் காட்டும் லைற்" பக்கத்தில் அவளே கோடு போட்டிருந்தாள். மிஞ்சியதை ஒன்றாக ஓடர் போட்டோம், இரண்டு பார்சலில் வந்தது. இது எல்லா வீட்டுக்கும் சரிவருமோ என்பது வேறு கதை. ஒரு வீட்டின் அனுபவம், அவ்வளவுதான். ஆசைக்கும் ஓடருக்கும் நடுவில் நாட்கள் போனால் ஆசை இறங்குகிறது என்பதை மட்டும் என் கண்ணால் பார்த்தேன். போனில் இருக்கிற செயலியை அழித்துவிட்டுக் கணினியில் மட்டும் வாங்குவதும் உதவியது. காட் இலக்கத்தை ஒவ்வொரு முறையும் கையால் அடிக்க வேண்டி வந்தால் பாதிச் சாமான் அந்த அலுப்பிலேயே நின்றுவிடும்.

இந்த இடத்தில் வயதானவர்கள் யாராவது "நாங்கள் அந்த நாளில் எப்படி இருந்தனாங்கள்" என்று தொடங்குவார்கள். 1990இல் போரோடு யாழ்ப்பாணத்துக்குத் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் நான் பள்ளிக்கூடப் பெடியன். பற்றரி வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து டைனமோவில் ரேடியோ கேட்டோம், நான் மிதிக்க சித்தப்பா செய்தி கேட்பார், செய்தி நீண்டால் கால் வலிக்கும். மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க ஜாம் போத்தலில் கொஞ்சூண்டு எண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கு. செத்த ரோர்ச் பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு இரவு ஓட்டுவது. என்னுடைய தொழிலே அங்கேதான் தொடங்கியது, அதை மறுக்கவில்லை. ஆனால் அது சிக்கனம் இல்லை, முற்றுகை. கட்டாயத்தில் இருந்ததைக் குணம் என்று பிள்ளைகளுக்கு விற்க எனக்கு விருப்பம் இல்லை. 2002இல் பாதை திறந்து லொறி லொறியாகச் சாமான் வந்தபோது சனம் அள்ளிக்கொண்டு போனதையும், 2006 ஓகஸ்டில் பாதை திரும்ப மூடியபோது பட்ட பாட்டையும் பார்த்தவனுக்கு, "கிடைக்கிறபோது வாங்கி வை" என்று உங்கள் அம்மா சொல்வது எங்கேயிருந்து வருகிறது என்று விளங்கும். நீங்கள் வாங்குவதை அவ குறைசொல்லாமல் உறையை மட்டும் கொளுத்துகிறாவே, அதற்கும் இதுதான் காரணமாக இருக்கலாம். இது என் ஊகம்.

அந்தக் கொளுத்துவதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். இதில் சந்தேகம் இல்லை. வளவில் எரிகிற நெருப்புக்குப் பிளாஸ்ரிக்கை முழுதாக எரிக்கிற சூடு கிடையாது, கரியும் நச்சுப் புகையும்தான் மிச்சம். கூரியர் உறை அனேகமாகப் பொலித்தீன். அதோடு வயர்த் தோல், ரெக்சின் பை, பீ.வி.சி. துண்டு சேர்ந்தால் ஹைட்ரஜன் குளோரைட்டும் டயொக்சினும் வரும். நான் பெடியனாக இருந்தபோது செம்பு எடுக்க வயர் கொளுத்தியிருக்கிறேன், அந்தப் புகையை நினைத்தால் இப்போதும் தொண்டை கரிக்கும். சாம்பல் எங்கே போகிறது? எங்கள் குடாநாட்டின் அடியில் சுண்ணக்கல். மழைத்தண்ணீர் வேகமாக இறங்கிக் கிணற்றுக்குப் போகும். உரத்தாலும் மலகூடக் குழியாலும் நைத்திரேற்று ஏறிய கிணறுகள் ஏற்கெனவே இங்கே கொஞ்சநஞ்சம் அல்ல. உங்கள் வீட்டுச் சாம்பல் உங்கள் கிணற்றில் எவ்வளவு கலக்கிறது என்று அளக்காமல் சொல்ல முடியாது, ஆனால் கிணற்றடிக்குப் பக்கத்தில் செய்கிற வேலை இல்லை அது. பற்றரி உள்ள சாமானை நெருப்பில் போட்டால் வெடிக்கும், அம்மாவுக்கு அதைத் தனியாகச் சொல்லி வையுங்கள்.

கொளுத்தாமல் வெளியே போட்டு வைத்தால் நுளம்பு. 11.11, 12.12 இரண்டும் சரியாக எங்கள் மாரிமழைக்குள் வருகின்றன, டெங்கும் அப்போதுதான் ஏறும். ரெஜிபோம் பெட்டி, குழிவிழுந்த பிளாஸ்ரிக் அச்சு, வாய் திறந்த உறை எல்லாவற்றிலும் தண்ணீர் நிற்கும். ஏடிஸ் நுளம்பின் முட்டை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அடுத்த மழைக்குப் பொரிக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து வளவைப் பார்த்து வழக்குப் போட்டால் நீதிமன்றம் ஏற வேண்டியதுதான். மட்டைப் பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்கிக் கட்டி வைத்தால் பழைய இரும்பு, பேப்பர் எடுக்கிறவர் கொண்டுபோவார். உறையை அவர் எடுக்க மாட்டார். கத்தரிக்கோலால் ஒழுங்காக வெட்டித் திறந்தால் திரும்ப ஒருமுறை அனுப்பப் பயன்படும், அடியில் ஓட்டை போட்டு மிளகாய் நாற்று வைக்கலாம். ஏழு உறையில் நாற்று வைக்கலாம், எழுபதில் வைக்க எந்தத் தோட்டம் இருக்கிறது? மிஞ்சியது உள்ளூராட்சி வண்டியில் ஏறும். யாழ் மாநகரத்தின் குப்பை போய்ச் சேருகிற கல்லுண்டாய் வெளியில் மாடுகள் எதை மேய்கின்றன, நெருப்புப் பிடித்தால் புகை எந்தப் பக்கம் போகிறது என்பது அந்தப் பாதையால் போய்வருகிறவர்களுக்குத் தெரியும். மீள்சுழற்சி என்ற சொல்லில் பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம். 2017இல் வெளிவந்த ஒரு கணக்கின்படி உலகத்தில் 2015 வரை கழிவான பிளாஸ்ரிக்கில் மீள்சுழற்சிக்குப் போனது ஏறக்குறைய 9 வீதம்.

சட்டம் இதைப் பார்த்துக்கொள்ளும் என்றும் இராதீர்கள். இலங்கையில் 2017இல் 20 மைக்ரோன் தடிப்பும் அதற்குக் குறைவுமான பொலித்தீனைத் தடைசெய்தார்கள், 2021இல் சின்னச் சசே பக்கெற்றுகளை, 2023 ஒக்ரோபரில் ஒருமுறை பாவித்து எறிகிற கோப்பை, ஸ்ட்ரோ போன்றவற்றை. கூரியர் உறை தடிப்பான சாமான், அந்த 20 மைக்ரோன் வலைக்குள் விழாது. பைகளைப் பற்றி ஒரு சின்ன விடயம், உங்கள் கேள்விக்குக் கீழே யாரோ துணிப் பை வாங்கச் சொல்லி எழுதியிருந்தார்கள். புடவைக் கடை தருகிற, துணி மாதிரி இருக்கிற பை அனேகமாகத் துணி இல்லை, பொலிபுரோப்பிலீன். உண்மையான பருத்திப் பையும் பிரித்தானிய சூழல் முகவரகத்தின் 2011 கணக்கில், சூடேற்றும் வாயு விடயத்தில் ஒரு சாதாரணக் கடைப் பைக்குச் சமமாக வர 131 தடவை பாவிக்கப்பட வேண்டும். வீட்டில் ஏற்கெனவே இருக்கிற பழைய பையை எடுத்துக்கொண்டு போங்கள், புதிதாக வாங்க வேண்டாம். உடுப்பைப் பற்றி எனக்குத் தெரியாது, மனைவி தைப்பவள். அளவு பிழைத்து வந்த ஒன்லைன் சட்டையை வெட்டித் தைக்க வருகிறவர்கள்தான் இப்போது அவளுக்குப் பாதி வேலை என்கிறாள், அவளுக்கு அதில் முறைப்பாடு இல்லை.

வெளிநாட்டுச் சொந்தக்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் குப்பை கூரியரில் மட்டும் வருவதில்லை. கனடாவில் இருந்து மாமி ஆசையாகக் கொண்டுவந்த கோப்பி மெஷின் என் மேசைக்கு வருடத்துக்கு நாலைந்து வரும். அங்கே 120 வோல்ற்று, இங்கே 230. செருகின அந்த நொடியே முடிந்துவிடும். பெட்டியின் அடியில் 100–240 என்று போட்டிருந்தால் மட்டும் செருகலாம். போன் சாஜர், லப்ரொப் சாஜர் எல்லாம் அப்படித்தான் இருக்கும், சூடேற்றுகிற சாமான்தான் ஆபத்து. வாங்காத சாமானும் இப்படிக் குப்பையாகும். வேண்டாம் என்று மாமியிடம் முதலே சொல்வது கஷ்டம்தான், ஆனால் அவவுக்கும் பெட்டியின் பாரம் குறையும்.

கடைசியாக உங்கள் பிளெண்டர். எறிவதற்கு முதல் பிளக்கைப் பாருங்கள். 13 அம்பியர் சதுர முள் பிளக் என்றால் உள்ளே சின்னதாக ஒரு பியூஸ் இருக்கும், சில வேளை அதுதான் போயிருக்கும். அதற்கு ஆள் தேவையில்லை, ஒரு ஸ்க்ரூ ட்ரைவர் போதும். அது சரியாக இருந்தால் மோட்டர் பக்கத்துக் காற்றுத் துவாரத்தில் மூக்கை வைத்து மணந்து பாருங்கள். எரிந்த வார்னிஷ் மணம் வந்தால் கம்பி போய்விட்டது, அதற்கு மேல் காசு செலவழிக்க நான் சொல்ல மாட்டேன். மணம் ஒன்றும் இல்லாவிட்டால் சுவிட்ச் அல்லது தேர்மல் பியூஸ், திருத்தலாம். தோசைக்கு உழுந்து அரைத்தீர்களோ? கை பிளெண்டர் ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓடுகிற சாமான் இல்லை, உழுந்து அதைக் கொன்றுவிடும். சாவகச்சேரியிலேயே திருத்துகிறவர்கள் இருப்பார்கள், என்னிடம் வரைக்கும் வரத் தேவையில்லை. போகும்போது அந்த மூலையில் இருக்கிற மட்டைப் பெட்டிகளில் நல்லது நாலைந்தைக் கட்டிக்கொண்டு போய் வேண்டுமா என்று கேளுங்கள். எங்கள் தொழிலில் திருத்திய சாமானை வைத்துக் கொடுக்க நல்ல பெட்டிக்கு எப்போதும் தட்டுப்பாடு.